இரண்டாவது ஆப்பு

கரி கேஸில் லாரி ஓட்டியவனுக்கு யாரும் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டாம். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்ட பிறகு எங்கள் லாரியின் கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஓர் இரும்புப் பீப்பாயை வைத்து முடுக்கினார்கள். மேலே கரியைக் கொட்டி, கீழே தீயைப் போட்டு, கைப்பிடி போட்ட ஊதுவிசிறியைத் தோள் கழலும்வரை சுற்றினால் கால் மணி கழித்துக் கேஸ் வரும். அந்தக் கேஸில் எஞ்சின் ஓடும். அதாவது சமதரையில் ஓடும். மேட்டைக் கண்டால் இருமும், கரியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் நின்றே போகும். சாயங்காலம் வண்டியை விட்டதும் சாம்பலை வாரி, வடிகட்டியில் அடைத்த தேங்காய் நாரை உதறி, குழாயில் படிந்த மசியைச் சுரண்ட வேண்டும். சுரண்டி முடிக்கும்போது நானும் துலுக்காணமும் ஒரே நிறத்தில் இருப்போம்.

நான் சத்தியநாதன். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்தவன், எட்டாவது வரை படித்தவன், முன்கோபி. துலுக்காணம் என் கிளீனர். என்னைவிட நாலு வயது பெரியவன், ஆனாலும் ஸ்டியரிங் என் கையில் இருந்ததால் என்னை அண்ணா என்பான். மரம் வெட்ட வந்தவன், லாரியைப் பார்த்துப் பார்த்தே அதன் நோக்காடு முழுவதும் கற்றுக்கொண்டான். நான் காதால் கண்டுபிடிப்பதை அவன் உள்ளங்கையால் கண்டுபிடிப்பான். ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். அதுவும் என்னால் இல்லை, அவன் ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள் என்று அவன்தான் தள்ளி உட்காருவான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், புரட்டாசி மாதம். திருப்பதியில் சனிக்கிழமைக் கூட்டம். அத்தனை பேருக்கும் சோறு பொங்க விறகு வேண்டும். எங்கள் கண்டிராக்டர் செங்கல்வராயன் அலிபிரிப் பக்கம் விறகுத் தொட்டி, அதாவது விறகு அடுக்கி விற்கிற கடை, வைத்திருந்தார். கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் மலைச்சரிவில் கூப்பு, அதாவது மரம் வெட்டுகிற காட்டுக் குத்தகை, எடுத்து, வெட்டின விறகை லாரியில் ஏற்றிக்கொண்டு போவது எங்கள் வேலை. ஒரு நாளைக்கு ஒரு நடை போதும் என்று வண்டி கெஞ்சியது, இரண்டு நடை வேண்டும் என்று அவர் சொன்னார். வண்டிக்கு வாய் இல்லை, எனக்கு இருந்தும் பயனில்லை.

அன்று காலையிலேயே துலுக்காணம் சொன்னான். "ஷாஃப்டு போல்ட்டு பேசுதுண்ணா. கொல்லன் அடிச்ச பச்ச இரும்பு அது. இன்னிக்கு நிறுத்தி மாத்திடலாம்" என்றான். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்டை நாலு போல்ட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. கடையில் அந்தப் போல்ட் கிடைத்து வருஷம் இரண்டாகிறது. கொல்லன் அடித்த இன்னொரு நாலு எங்கள் பெட்டியில் இருந்தது. மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை கழியட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அவன் போய் வீல் நட்டை முடுக்க ஆரம்பித்தான்.

கூப்பிலிருந்து பாதைக்கு வர ஓர் ஏற்றம் உண்டு. முந்நூறு கஜம் இருக்கும், இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் ஓடை இறங்கும் பள்ளம். வண்டியில் ஆறு அடிக்கு விறகு அடுக்கியிருந்தோம். அதன் உச்சியில் துலுக்காணத்தின் பெண்சாதி செல்லியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். துலுக்காணம் படியில் தொத்திக்கொண்டு வந்தான். பின்னால் நடந்து வந்தவன் கிருஷ்ணப்பா. வழக்கமாக விறகு ஏற்றுகிறவனுக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்கு மட்டும் வந்தவன். மீசை வைத்த, நிதானமான ஆள். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், நடுவில் இரண்டும் கலந்து பேசுவான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

ஏற்றத்தில் பாதி வந்தபோது அடியில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். எஞ்சின் திடீரென்று பாரம் விட்டு அலறியது. வண்டி மட்டும் நின்றது, நின்று பின்னால் நழுவ ஆரம்பித்தது.

கால் பிரேக்கை அழுத்தினேன், பிடித்தது. கை பிரேக்கை இழுத்தேன், அது சும்மா வந்தது. எங்கள் வண்டியில் கை பிரேக் பிடிப்பது கியர் பெட்டியின் பின்புறத்தை. அதற்கப்பால் ஷாஃப்டே கழன்றுவிட்ட பிறகு அது பிடித்தென்ன, பிடிக்காமல் என்ன? கியர் போட்டு நிறுத்தவும் வழியில்லை. அவ்வளவு விறகையும், இரும்பையும், மேலே இருந்த நாலு பெண்களையும் பிடித்துக்கொண்டிருந்தது என் வலது கால் ஒன்றுதான்.

பெண்கள் பாறைப் பக்கமாகக் குதித்து இறங்கினார்கள். துலுக்காணம் அதற்குள் பின்னால் ஓடி, சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த ஆப்பை எடுத்து இடது பின் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற முக்கோணக் கட்டையைத்தான் நாங்கள் ஆப்பு என்போம். விறகு பிளக்கிற ஆப்பு மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரியது. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வலது சக்கரத்துக்கு ஒரு கல்லைப் புரட்டி வைத்தார்கள்.

இனி பயமில்லை என்று நினைத்து மூச்சு விட்டேன். அப்போதுதான் பெடல் என் காலடியில் மெல்ல இறங்குவது தெரிந்தது.

பிரேக்குக்கு ஊற்றுகிற எண்ணெயும் யுத்தத்துக்குப் போயிருந்தது. விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றியிருந்தோம். அது ரப்பரைத் தின்று கசிந்துகொண்டிருந்தது. சமதரையில் அது ஒரு பெரிய சங்கதியே இல்லை. இந்த ஏற்றத்தில் பெடல் அடிப்பலகையைத் தொட்டுவிட்டால் பிரேக் இல்லை. நடுநடுவே காலைக் கொஞ்சம் தூக்கி மறுபடி அழுத்தினால் எண்ணெய் ஏறும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு விரற்கடை பின்னால் போகும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கல் நறநறவென்றது.

முழு விறகையும் இறக்கலாம், அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். எண்ணெய் அவ்வளவு நேரம் தாங்காது. ஜாக்கி இல்லை, அது அலிபிரித் தொட்டியில் முதலாளியின் இன்னொரு வண்டிக்கு அடியில் இருந்தது. வண்டியை விட்டுக் குதித்து ஓடிவிடலாம். குதித்தால் லாரி பள்ளத்தில், நாளை முதல் நான் தெருவில். இல்லாவிட்டால் யாராவது அடியில் போய் ஷாஃப்டைத் தூக்கிப் பொருத்தி, பெட்டியில் இருந்த நாலு போல்ட்டையும் போட வேண்டும். போட்டுவிட்டால் கியரும் பிடிக்கும், கை பிரேக்கும் பிடிக்கும். துலுக்காணத்துக்கு அது கால் மணி வேலை.

"போய்ப் போட்டுடு" என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை.

செல்லியம்மா ஜன்னலருகே வந்தாள். அவளும் காட்டில் வெட்டுகிறவள்தான், மரத்தையும் கல்லையும் பார்த்தாலே தரம் தெரியும். "அந்தக் கல்லு நிக்காதுண்ணா. ஏடு ஏடா ஒடையிற கல்லு அது. இன்னொரு ஆப்பு செதுக்கித் தரேன், வச்சப்புறம் அவரு உள்ள போவட்டும்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். நான் பெடலைப் பார்த்தேன். பலகைக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இருந்தது. காத்திருக்க நேரமில்லை என்றேன். துலுக்காணம் அதற்குள் போல்ட்டையும் ஸ்பேனரையும் இடுப்புத் துணியில் முடிந்துகொண்டிருந்தான். "நீ செதுக்கினு இரு, அதுக்குள்ள நான் வெளிய வந்துடுவேன்" என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு வலப்பக்கமாக மல்லாந்து உள்ளே நுழைந்தான். அவன் தலை கியர் பெட்டிக்கு அடியில். அவன் கால்கள் இரண்டும் வெளியே, நான் உட்கார்ந்திருந்த பக்கத்து முன் சக்கரத்துக்குப் பின்னால்.

எனக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. விறகு மறைத்தது, கண்ணாடி என்றைக்கோ உடைந்துவிட்டது. அதனால் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டு வலது பின் சக்கரத்துப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். "செல்லியம்மா ஆப்பு செதுக்கிக் குடுப்பா. அத்த வச்சு அடிச்சதும் ஆப்புன்னு ஒரு குரல் குடு, போதும். அதுவரைக்கும் நான் கால எடுக்க மாட்டேன்" என்றேன்.

"சரேண்ணா" என்றான் கிருஷ்ணப்பா.

இனி நடந்தது எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் என்று அப்புறம் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு வயசாகிவிட்டது. இடது காலைத் தூக்கி வலது காலின் மேலே வைத்து இரண்டு காலாலும் அழுத்தினேன். முதலில் குதிகால் மரத்தது. அப்புறம் கெண்டைச் சதை உருண்டு முண்டாகி ஏறியது. அப்புறம் முழங்கால் தானாகவே ஆட ஆரம்பித்தது. பின்னால் பீப்பாய் அனலாகக் கொதித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க ஸ்டியரிங்கை விட மனம் வரவில்லை. ஜெபம் செய்யலாம் என்றால் பெடல், பெடல் என்ற ஒரே நினைப்பைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

காதுக்கு மட்டும் வேலை இருந்தது. அடியில் துலுக்காணத்தின் ஸ்பேனர் சத்தம். பாறைப் பக்கம் செல்லியம்மாவின் கோடாலிச் சத்தம். ஒரு போல்ட் ஏறிவிட்டது என்று அடியிலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கழித்து இரண்டு என்றான். கோடாலிச் சத்தம் நின்றது. செதுக்கிவிட்டாள், எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். கால் நடுங்குவது இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. குரல் கொடு, சீக்கிரம் குரல் கொடு என்று கிருஷ்ணப்பாவை மனசுக்குள் திட்டினேன்.

குரல் வந்தது.

"ஆப்பு. ஆப்பு. ஆப்பண்ணா."

காலை எடுத்தேன். பிற்பாடு எல்லோரிடமும் நான் சொன்னது இதுதான். ஆப்பு என்று கேட்டது, காலை எடுத்தேன்.

வண்டி வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு பின்னால் போயிற்று. என் இருக்கைக்கு நேர் கீழே சக்கரம் எதன் மேலோ ஏறியது. கல் மேல் ஏறினால் எப்படி இருக்கும், வேர் மேல் ஏறினால் எப்படி இருக்கும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. பெடலை மிதித்தேன், மறுபடி மிதித்தேன், மூன்றாவது மிதியில் பிடித்தது. துலுக்காணம் ஒரு தடவை கத்தினான், அப்புறம் அவனிடமிருந்து சத்தமே இல்லை.

கிருஷ்ணப்பா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதான். தெலுங்கில்தான் சொன்னான். கல் பிளந்தது, வண்டி அசைந்தது, நிறுத்து நிறுத்து என்றுதானே கத்தினேன், ஏன் காலை எடுத்தாய் என்றான். தெலுங்கில் ஆப்பு என்றால் நிறுத்து. சாதாரணமாகப் பேசும்போது அவர்கள் சொல்லும் சொல்லுக்கும் நம்முடைய கட்டைக்கும் உச்சரிப்பில் ஒரு துளி வித்தியாசம் உண்டு. உயிர் போகிற அவசரத்தில் கத்தும்போது அந்தத் துளியும் இருக்காது.

செல்லியம்மா அழவில்லை. புது ஆப்பு கையில் இருந்தது. பத்தடி தூரம் இருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டதாம். குனிந்து அடியில் பார்த்தாள். சக்கரம் அவன் வலது முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றுகொண்டிருந்தது. முன்னால் தள்ள ஆறு பேரால் முடியாது. தூக்க ஜாக்கி இல்லை. ஏறின சக்கரம் மறுபக்கம் இறங்கினால்தான் அவனை வெளியே இழுக்க முடியும். அதாவது வண்டி இன்னும் ஒரு முழம் பின்னால் போக வேண்டும். நான் மறுபடியும் காலை எடுக்க வேண்டும்.

"முடியாது" என்றேன். நிஜமாகவே என்னால் முடியாது என்று நினைத்தேன்.

அவள் புது ஆப்பை வலது பின் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் வைத்து, கோடாலியின் பின்புறத்தால் தரையில் இறுகும்படி அடித்தாள். கிருஷ்ணப்பாவிடம் இடது பக்கத்து ஆப்பையும் தட்டி எடுத்து அதே அளவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். அதை எடுத்ததும் வண்டி முழுக்க என் காலுக்கு வந்தது. பெடலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இருந்தது. கிருஷ்ணப்பாவும் இரண்டு பெண்களும் துலுக்காணத்தின் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டார்கள். செல்லியம்மா என் கதவைத் திறந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"யார் இன்னா சொன்னாலும் கேக்காத. என் கையப் பாரு. கை கீழ வந்தா கால எடு."

கையை உயர்த்தினாள். திரும்பி ஒரு தடவை அடியில் பார்த்தாள். கையை இறக்கினாள்.

எடுத்தேன். சக்கரம் இறங்கியதை நான் கேட்டேன், அதை எழுத மாட்டேன். பின் சக்கரம் இரண்டும் ஆப்பில் மோதி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்றேவிட்டது. நான் கேபினிலிருந்து இறங்கப் போய் அப்படியே விழுந்தேன், என் கால் எனக்குக் கீழே இல்லை. தரையில் கிடந்தபடியே பார்த்தேன். துலுக்காணத்தை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாட்டு வண்டியில் கார்வேட்டிநகரம் கொண்டுபோய், அங்கிருந்து கிடைத்த வண்டியில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்ததால்தான் ஆள் பிழைத்தான் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலமே செங்கல்வராயன் ஆஸ்பத்திரிக்கு வந்தார், கூடவே போலீஸ் ரைட்டரும் வந்தார். முதலாளிக்கு என் மேல் பிரியம் என்று சொல்ல முடியாது, ஆனால் கரி கேஸ் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. வாக்குமூலம் தெலுங்கில் எழுதி வந்திருந்தது. இரண்டாவது ஆப்பு வைக்காமலே கிருஷ்ணப்பா என்பவன் ஆப்பு என்று பொய்க் குரல் கொடுத்தான், அதை நம்பி டிரைவர் காலை எடுத்தார் என்று இருந்தது. நிறுத்து என்றுதான் கத்தினேன் என்று அவன் சொல்வதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. முழுவதையும் வாசித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, அழகாக இருக்கும்.

கேஸ் கிருஷ்ணப்பா மேல் போயிற்று. ஆறு மாசமாவது உள்ளே இருப்பான் என்றார்கள். வாய்தாவுக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அவனை விட்டிருந்தார்கள். என் லைசென்ஸ் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் பாதிரி ஐயர் என் பெயரைச் சொல்லி, பெரிய ஆபத்திலிருந்து இந்தச் சகோதரனைத் தப்புவித்தீரே என்று ஸ்தோத்திர ஜெபம் செய்தார். என் மனைவி யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் கோபமாக மாற்றி, திரும்பி வரும் வழியில் அவளிடம்தான் காட்டினேன்.

அடுத்த நாள் துலுக்காணத்தைப் பார்க்கப் போனேன். அதுவரையில் மயக்கமும் வலியுமாகக் கிடந்தவன் அன்றைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். செல்லியம்மா கஞ்சி வாங்கி வரப் போயிருந்தாள். நான் கொண்டுபோன ரொட்டியை வைத்துவிட்டு, முதலாளி உனக்கு ஏதாவது செய்வார், தொட்டியில் உட்கார்ந்த வேலை தருவார் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கத் தைரியம் இல்லாமல்தான் பேசினேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு, "கிட்டப்பா மேல கேஸ் போட்டுக்கிறாங்களாமே" என்றான். கிருஷ்ணப்பா என்ற பெயர் அவன் வாயில் அப்படித்தான் வரும்.

ஆமாம் என்றேன். அவன்தானே ஆப்பு என்று கத்தினான் என்றேன்.

"மூணு வாட்டி கத்தினாண்ணா" என்றான் துலுக்காணம். "ஆப்பு வச்சவன் ஒரு வாட்டி சொல்லுவான். நீ அப்படித்தான சொல்லச் சொன்ன, ஒரு குரலுன்னு. மூணு வாட்டி எவனாவது சொல்லுவானா? அடியில கெடந்த எனக்கே வெளங்கிச்சு. கால இழுத்துக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள வந்துடுச்சு." என்னைப் பார்த்துக் கேட்டான். "உனக்கு வெளங்கலியா?"

திருப்பதிச் சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுகிறவன் நான். செக்போஸ்ட்டில் தெலுங்கில் சண்டை போடுகிறவன், கோபம் உச்சிக்குப் போனால் தெலுங்கில்தான் திட்டுவேன். முதல் ஆப்பு காதில் விழுந்தபோது கட்டை என்று நினைத்தேன், அது சத்தியம். இரண்டாவது ஆப்பு விழுந்தபோது அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குக் கேட்டது. நிறுத்து என்கிறான் என்று தெரிந்தது. அப்போது என் கால் பெடல் மேல்தான் இருந்தது. வலி என்னைத் தின்றுகொண்டிருந்தது. கட்டை வைத்தாகிவிட்டது என்றால் அந்த வலி முடியும். எனக்குக் கட்டைதான் வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவன் அண்ணா என்று சேர்த்துக் கத்துவதற்குள் காலை எடுத்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை.

"வெளங்கிச்சு" என்றேன்.

துலுக்காணம் தலையை ஆட்டினான். ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டவன் மாதிரி இருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டான். கத்துவான், திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அத்த போயி அங்க சொல்லு" என்றான்.

"லைசென்ஸ் போய்டும் துலுக்காணம்."

"எனக்குக் காலு போச்சுண்ணா" என்றான். வண்டியில் எது பழுது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னான்.

செல்லியம்மா கஞ்சியோடு வந்துவிட்டாள். அவள் எதிரில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரோரம் புங்க மரத்தடியில் கிருஷ்ணப்பா குந்தியிருந்தான். பக்கத்தில் துணியால் மூடின ஒரு சட்டி. சித்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, விடியுமுன் கிளம்பிக் கேழ்வரகுக் களி எடுத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான். நாலு நாளாக இப்படித்தான் வருகிறானாம், செல்லியம்மா அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறாளாம். அவளுக்கு அவன்தான் குற்றவாளி, அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. இந்த நாலு நாளும் அவன் தன்னையேதான் குடைந்துகொண்டிருந்திருக்கிறான். மெல்லத் தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பேசினான்.

"நான் தமிழ்ல கத்தியிருக்கணும் இல்லண்ணா? பயத்துல ஊட்டு பேச்சு வந்துடுச்சி. தமிழ்ல கத்தியிருந்தா உனக்கு சரியா கேட்டிருக்கும், அவரு காலும் இருந்திருக்கும்."

போலீஸ் ஸ்டேஷன் அந்தத் தெருவின் கோடியில்தான் இருந்தது. அவன் சட்டியை நான் எடுத்துக்கொண்டேன், ஏன் எடுத்தேன் என்று தெரியாது. வா, போகலாம் என்றேன். எங்கே என்று கேட்காமல் கூடவே வந்தான், பிடித்துக் கொடுக்கத்தான் கூட்டிப்போகிறேன் என்று நினைத்திருப்பான். பாதித் தூரம் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அவன் மொழியிலேயே சொன்னேன். நீ சரியாகத்தான் கத்தினாய், எனக்கும் சரியாகத்தான் கேட்டது என்றேன்.